கடப்பாரை மாப்பிள்ளையும் கல்கத்தா லாரியும்

மாப்ளே, கல்கத்தாவுல லாரி வாங்கிப்போட்டயாமே! உங்கம்மா சந்தையில வெச்சுச் சொன்னா. "எம்பையன் பாதி வெலைக்கு முடிச்சுட்டாண்ணா"ன்னு அவளுக்கு மூஞ்சியெல்லாம் பூரிப்பு. மீதிப் பாதிக்கு அந்த வண்டியில என்ன இல்லைன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. பொறந்தவ சந்தோசத்தைக் கெடுப்பானேன்னு தக்காளி வெலையைப் பேசிட்டு வந்துட்டேன். மக்கா நாள் உன்ற போனு. "மாமா, எஞ்சின் ஜாம்"னு சொன்ன பாரு, அதுதான் கண்ணு அந்த மீதிப் பாதி.

உன்ற தைரியத்தை மெச்சோணும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரின்னு நம்ம மூணு ஊரும் சேந்து நாட்டுக்கே லாரி ஓட்டுது. இங்க தடுக்கி விழுந்தா ஒரு பழைய லாரி மேலதான் விழோணும். அதையெல்லாம் விட்டுப்போட்டு, சென்னையிலிருந்தே ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஊருக்கு ரயிலேறிப் போயி, ஓடாத வண்டியைப் பாத்து, "இதுதான் நம்ம வண்டி"ன்னு முடிவு பண்ணியிருக்கியே. பொண்ணு பாக்கறப்பக்கூட நீ இத்தனை சடுதியா முடிவு பண்ணலை.

வெலை ஏன் கம்மின்னு விசாரிச்சயா? விசாரிச்சிருக்க மாட்டே. விசாரிச்சா கம்மியா இருக்காதே! 2008-ல கல்கத்தா ஐகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுச்சு. 15 வருசம் தாண்டுன பஸ், லாரி, டாக்சி, ஆட்டோ எதுவும் மாநகரப் பகுதியில ஓடக் கூடாது, புகை தாங்க முடியலைன்னு. 2009 ஆகஸ்டுல அதை அமலுக்குக் கொண்டாந்தாங்க. அன்னையிலிருந்து அந்த ஊர்ல 15 தொடற லாரிக்கு ரண்டு வழிதான். வெளி ஜில்லாவுக்குப் போகோணும், இல்லாட்டி உடைக்கப் போகோணும். மூணாவது வழியா நீ போயிச் சேந்திருக்கே. அதை இங்க கொண்டாந்து ஆர்.டி.ஓ. ஆபீசுல என்ன சொல்லப் போறேன்னு இப்பக் கேக்கலை. ஒரு நேரத்துக்கு ஒரு ஜாம் போதும்.

வண்டி டாட்டா 1613, ஆறு சிலிண்டர், 697 எஞ்சின்ங்கறே. குத்தம் சொல்ல முடியாத எஞ்சின் அது. 697-ங்கறதுல பெரிய ரகசியம் இல்லை, ஆறு சிலிண்டரு, 97 மில்லிமீட்டர் போரு. 1954-ல டாட்டாக்காரங்க பென்சுகாரனோட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. 15 வருசம் கழிச்சு, 1969-ல, மூஞ்சியில இருந்த நட்சத்திரம் போயி டாட்டா முத்திரை வந்துச்சு. நட்சத்திரம் போனாலும் எஞ்சின் வம்சம் அதேதான். தண்ணியும் ஆயிலும் பாத்து ஊத்துனா லட்சக்கணக்கான கிலோமீட்டர் மூக்கைச் சிந்தாம ஓடும். ஓட்டறதுல அதைக் கொல்றது சிரமம். நிறுத்தித்தான் கொல்ல முடியும். உனக்கு வித்த புண்ணியவான் ரண்டு மழைக்காலம் நிறுத்தியே வெச்சிருக்கான்.

நிறுத்துனா என்ன ஆகும்னு சொல்றேன், அந்தச் செல்லைக் கொஞ்சம் கீழ வை. ஆறு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில நின்னாலும் ஏதோ ஒரு சிலிண்டர்ல வால்வு தொறந்துதான் கிடக்கும். நம்ம நாமக்கல் ஜில்லாவுல பேயற மழையைப் போல ரண்டு பங்குக்கு மேல கல்கத்தாவுல பேயுது. ஆனி ஆடியில ரோட்டுல முழங்கால் தண்ணி நின்னாக்கூட அந்த ஊர்க்காரன் வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஆபீசு போறான். சைலன்சர் குழாய் மூழ்குனா தண்ணி நேரா உள்ள வருது. மூழ்காட்டியும் காத்துல இருக்கற ஈரம் போதும். தொறந்த வால்வு வழியா எறங்கி, லைனருக்கும் ரிங்குக்கும் நடுவுல போயி உக்காந்துக்குது. ரண்டும் வார்ப்பிரும்பு. இரும்பு துருவானா, தான் இருந்த எடத்தைப் போல ரண்டு மூணு பங்கு எடம் கேக்கும். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவுல அத்தனை எடம் ஏது? அதனால இறுக்கிப் பிடிச்சுக்குது. ஆறு பிஸ்டன்ல ஒண்ணே ஒண்ணு பிடிச்சாப் போதும், மத்த அஞ்சும் சேந்து நிக்கும். எல்லாம் ஒரே கிராங்குல கட்டுன உசுருதானே.

ஆனா மாப்ளே, அது ஜாம்தான்னு உனக்கு யாரு சொன்னது? செல்ப் அடிச்சேன், "டக்"குன்னு ஒரு சத்தம், அதோட சரிங்கறே. பேட்டரி எந்தக் காலத்துப் பேட்டரி? செல்ப் மோட்டாரோட பல்லு ஃப்ளைவீல் பல்லுல போயிச் சிக்கிக்கிட்டா எஞ்சின் அசையாது. அதுக்குப் பேரு எஞ்சின் ஜாம் இல்லை. மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டு. செல்ப் மோட்டாரைக் கழட்டி வெளிய வை. ஃபேன் பெல்ட்டைக் கழட்டு. பிரேக்குக்குக் காத்து அடிக்கற கம்ப்ரசர் பிடிச்சிருந்தாலும், டீசல் பம்ப்பு பிடிச்சிருந்தாலும், எஞ்சினே பிடிச்ச கணக்காத்தான் இருக்கும். கியர் நியூட்ரல்ல இருக்குதான்னு பாரு. சிரிக்காதே. கல்கத்தாப் பக்கம் தூலாகர் லாரி ஸ்டாண்டுல ஒரு பெரிய மனுசன் வண்டி கியர்ல கிடக்க, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்க, எஞ்சின் திரும்பலைன்னு ஹெட்டை எறக்கிப்போட்டான். அவன் எந்த ஊர்க்காரன்னு சொன்னா நம்ம ஊருக்குத்தான் கேவலம்.

இத்தனையும் பாத்தும் அசையலைன்னா, சரி, ஜாம்தான். இப்ப உன்ற யோசனைக்கு வருவோம். "இன்னொரு லாரியில சங்கிலி கட்டி, டாப் கியர்ல போட்டு இழுத்துட்டா விட்டுரும் மாமா"ங்கறே. விட்டுரும் கண்ணு, நிச்சயமா விட்டுரும். எதை விடும்ங்கறதுதான் கேள்வி. பின்னாடி அத்தனை டன் இழுக்கறப்ப பிஸ்டன் லைனரை விடாது. கனெக்டிங் ராடு நேரா நிக்கற குணத்தை விட்டுரும், பிஸ்டன் ரிங்குப் பள்ளத்தை விட்டுரும். மேல ஒரு சிலிண்டர்ல தண்ணி தேங்கியிருந்தா இன்னும் விசேசம். தண்ணியை அமுக்க முடியாது. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது, ராடுதான் வளையோணும். நீ சங்கிலியை எடுத்தயின்னா அரை விலை லாரி கால் விலை ஆயிரும். செல்ப்பை வெச்சு மறுக்கா மறுக்கா அடிக்கறதும் அந்தச் சாதிதான், செலவு மட்டும் வேற.

எஞ்சினை நெம்பறதுக்குன்னு நீ வாங்கி வெச்சிருக்கற அந்தக் கடப்பாரை இருக்குதே, அது நல்ல கடப்பாரை. ஊருக்குக் கொண்டா, தென்னங்குழி எடுக்கலாம்.

வேலையை இப்படி ஆரம்பி. ஆயில் பேனுக்கு அடியில இருக்கற ட்ரெயின் போல்ட்டைச் சித்த லூஸ் பண்ணு, முழுசாக் கழட்டாதே. தண்ணி கனம், ஆயில் லேசு. உள்ள தண்ணி எறங்கியிருந்தா மொதல்ல அதுதான் சொட்டும். அதுக்கப்பறம் வர்றது கருப்பா வந்தா உனக்கு நல்ல நேரம். டீக்கடைக் காப்பி நெறத்துல வந்தா ஆயிலும் தண்ணியும் கலந்து எத்தனையோ நாளாச்சுன்னு அர்த்தம். அப்பப் பேரிங்குகளையும் கழட்டிப் பாக்காம விடக் கூடாது. பொறவு டீசல் பீச்சற ஆறு நாசிலையும் கழட்டு. கழட்டுன்னு நான் சுளுவாச் சொல்லிட்டேன், அதுவும் கரி கட்டி உக்காந்திருக்கும். சுத்தியும் டீசல் ஊத்தி ஒரு ராத்திரி ஊற விடு. காலையில ஸ்பேனர் போட்டு ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம், திருகித் திருகி எடு. பக்கவாட்டுல நெம்புனயின்னா மூக்கு ஒடிஞ்சு உள்ள விழும். பொறவு அந்த மூக்கை எடுக்க ஹெட்டைக் கழட்டோணும். அடியில சின்னதா செம்பு வாஷர் ஒண்ணு இருக்கும். அது நாசிலோட வந்துச்சா, ஓட்டைக்குள்ளயே நின்னுக்கிச்சான்னு ஆறையும் எண்ணிப் பாரு.

நாசில் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாரு. லைனர் செவுத்துல வெள்ளிக் கோடு தெரிஞ்சா அந்தச் சிலிண்டர் நல்ல சிலிண்டர். செங்காமட்டைக் கலர்ல பொருக்குத் தட்டி, பிஸ்டன் தலையைச் சுத்தி வளையமாத் துரு நின்னா, குத்தவாளி அவன்தான். அவனுக்கு மட்டும் இல்லாம ஆறு பேருக்கும் மருந்து ஊத்து. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீ கிளாஸ் அளவு போதும்.

என்ன மருந்துங்கறியா? இதுல ஊருக்கு ஒரு வைத்தியன். பாதி டீசல், பாதி மண்ணெண்ணெய், அதோட கொஞ்சம் எஞ்சின் ஆயில்ங்கறது நம்ம பட்டறைக் கணக்கு. பாதிக்குப் பாதி அசிட்டோனும் பவர் ஸ்டீரிங் ஆயிலும் கலந்து ஊத்தறவனும் உண்டு. அது நல்லாவே எறங்கும். ஆனா ரண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, கலக்குன கையோட ஊத்திரோணும். அசிட்டோன் சீக்கிரம் பத்திக்கும், பீடிக்காரனைப் பக்கத்துல விடாதே. "வெல்டிங்காரனைக் கூப்புட்டுச் சூடு காட்டட்டா"ன்னு கேட்டே. எண்ணெய் ஊத்துன எஞ்சின்ல தீயைக் காட்டறதா? வெளக்கு ஏத்தோணும்னு ஆசையா இருந்தா காளிகாட்டுல போயி ஏத்து.

கலர் சோடா ஊத்தலாமான்னும் செல்லுல ஒருத்தன் சொன்னான்ங்கறே. அதுல இருக்கற ஆசிட்டு கொஞ்சம் துருவைத் திங்கும், அது நெசம். சக்கரை என்ன பண்ணும்? காஞ்சா ரிங்கு பள்ளத்துல பிசினாப் பிடிக்கும். கரும்பாலைக் கழிவுப்பாகுல தனிச் சாமானை ஊறப் போட்டுத் துரு எடுக்கறவங்களும் இருக்காங்க, ஆனா அந்தப் பாகு அலுமினியத்தை அரிக்கும், உன்ற பிஸ்டன் அலுமினியம். கல்கத்தாவுல இனிப்புக்குப் பஞ்சமில்லை. பாக்பஜார் நொபின் சந்திர தாஸ் 1868-ல ரசகுல்லா செஞ்சாருன்னு வங்காளத்துக்காரங்க சொல்றாங்க, அது எங்க பூரி ஜெகநாதர் பிரசாதம்னு ஒடியாக்காரங்க சொல்றாங்க. 2017-ல இவங்களுக்கு ஒரு புவிசார் குறியீடு, 2019-ல அவங்களுக்கு ஒண்ணு. சண்டையைக் கவுருமெண்டே பங்கு போட்டு முடிச்சுருச்சு. நீ ரண்டு ரசகுல்லாவைத் திண்ணு, சக்கரையை எஞ்சினுக்குக் காட்டாதே.

ஊத்தியாச்சா? இப்பத்தான் உன்னால முடியவே முடியாத வேலை வருது. சும்மா இருக்கோணும். தெனமும் காலையில எட்டிப் பாத்து, மட்டம் எறங்கியிருந்தா மறுக்கா ஊத்து. எறங்குதுன்னா ரிங்கு வழியாக் கசியுதுன்னு அர்த்தம், நல்ல சேதி. ஒரு சொட்டும் எறங்காத சிலிண்டர் பக்கம் இன்னும் பொறுமை வேணும். குறைஞ்சது ஒரு வாரம். ரண்டு வருசமாப் பிடிச்சது ரண்டு மணி நேரத்துல விடோணும்னு நீ எதிர்பாக்கறது உங்கப்பன் ரத்தம். அந்த மனுசனுக்குப் பாயாசம் ஆறக்கூட நேரம் குடுக்கத் தெரியாது.

அந்த ஒரு வாரம் ஷெட்டுல உக்காந்து ஸ்பேனரைத் தடவிக்கிட்டு இருந்தா கை அரிக்கும். ஊரைச் சுத்து. பார்க் ஸ்ட்ரீட்டு போயி ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோட்டுல முட்டற எடத்துல மல்லிக் பஜார். பழைய வண்டிச் சாமானுக்கு அந்த ஊர்லயே பேர்போன எடம். பிரிச்சுப் போட்ட கியர் பாக்ஸு, டைனமோ, கதவு, பம்பர், ஹெட்டு, ஸ்டீரிங்னு சாமான் வாசலுக்கு வெளிய நடைபாதை வரைக்கும் வழிஞ்சு கிடக்கும். அடுத்தாப்புல லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டம். வங்காளத்துக் கவி மைக்கேல் மதுசூதன் தத் அங்கதான் படுத்திருக்காரு. கல்லறைக்குள்ள போனவங்க திரும்பறதில்லை. பஜாருக்குள்ள போன வண்டி மட்டும் துண்டு துண்டாத் திரும்பி வந்து வேற வண்டியில ஓடிட்டே இருக்குது.

அங்க பேரம் பேசறதுக்கு ஒரு முறை இருக்குது. "சாமான் இருக்குதா"ன்னு எடுத்த எடுப்புல கேட்டா உன்ற மூஞ்சியில எழுதியிருக்கற அவசரத்துக்குத் தனி வெலை போடுவான். மிஸ்திரியை "உஸ்தாத்"னு கூப்புடு. மண் குவளையில டீ வாங்கிக் குடு, நீயும் குடி, ஊர்க் கதை பேசு. எந்த வண்டியிலிருந்து பிரிச்சதுன்னு போறபோக்குல கேளு. லைனர், ரிங்கு, செம்பு வாஷர், காஸ்கெட்டு இந்த நாலையும் மட்டும் பழசு வாங்கக் கூடாது, எத்தனை கம்மியாக் குடுத்தாலும். உனக்குக் கம்மி வெலைன்னாலே கண்ணு மங்கிருது, அதனாலதான் ரண்டு தடவை சொல்றேன், பழசு வாங்கக் கூடாது. வங்காளத்து லாரி பின்னாடி பெயிண்டர் எழுதி வெச்சிருப்பான் பாரு, "தேக்லே ஹோபே? கோர்ச்சா ஆச்சே"ன்னு. பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா, செலவு இருக்குதப்பான்னு அர்த்தம். உன்ற லாரியிலயும் அது இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கமாப் போயிப் பாத்திருக்கலாம்.

கிராங்கு போல்ட்டுக்குப் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் கிடைக்கலைன்னு அழுதே. ஆத்துக்கு அந்தப் பக்கம், ஹவுராவுல, பெலிலியஸ் ரோடுன்னு கேளு. வீட்டுக்கு வீடு லேத்து, தெருவுக்குத் தெரு வார்ப்படப் பட்டறை. ஒரு காலத்துல அந்த ஊரையே கிழக்குச் சீமை ஷெஃபீல்டுன்னு சொல்லுவாங்க. அளவைக் குடுத்தா ஸ்பேனரே கடைஞ்சு குடுத்துருவான். போற வழியில ஹவுரா பாலத்தையும் பாத்துக்க. 1943-ல தொறந்தது, 26,500 டன் உருக்கு, அதுல பெரும்பகுதி உன்ற லாரிக்காரன் டாட்டா குடுத்தது. முழுக்க ரிவெட்டு அடிச்சுக் கட்டுனது, ஒரு நட்டு போல்ட்டு கிடையாது. அந்தப் பாலத்தைக் கட்டுனவன் கெட்டிக்காரன் மாப்ளே. பின்னாடி ஒரு நாளைக்கு உன்னையாட்ட ஒருத்தன் ஸ்பேனரோட வருவான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

இன்னொண்ணு சொல்றேன். அந்தக் காலத்துல ஞாயித்துக்கெழமை மத்தியானம் தூர்தர்ஷன்ல வேத்து மொழிப் படம் போடுவாங்க. ஊரே சாப்புட்டுப்போட்டுத் தூங்கும், நான் மட்டும் முழிச்சுக்கிட்டுப் பாப்பேன். அதுல "அஜாந்திரிக்"னு ஒரு வங்காளப் படம், ரித்விக் கட்டக் எடுத்தது, 1958. பிமல்னு ஒரு டாக்சி டிரைவரு, அவனோட ஓட்டைச் செவர்லே வண்டி, அதுக்கு ஜகத்தல்னு பேரு வெச்சிருப்பான். அதோட பேசுவான், கோவிச்சுக்குவான். கடைசியில அது மக்கர் பண்ணறப்ப, காசெல்லாம் கொட்டிச் சாமான் மாத்துவான். அப்படியும் சரிப்படலைன்னதும் ஆத்தரத்துல பெரிய பெரிய கல்லைத் தூக்கி அதுமேல ஏத்துவான். அதோட வண்டி முடிஞ்சுது, இரும்புக்காரன் வந்து அள்ளிக்கிட்டுப் போயிருவான். ஆத்தரப்பட்டதுக்கு அப்பறம் அவன் மூஞ்சியைக் காட்டுவாங்க பாரு, உன்ற மூஞ்சியேதான். நீ இன்னும் கல்லு ஏத்தலை, அந்த மட்டுக்கு நல்லது.

வாரம் ஆச்சா, இப்பத் திருப்பிப் பாரு. கிராங்கு புல்லி போல்ட்டுல ஸ்பேனரைப் போட்டு ஒரு பைப்பு மாட்டு. பைப்பு உன்ற ஒசரத்துக்கு வேண்டாம், போல்ட்டு முறிஞ்சா அதை எடுக்க இன்னொரு வாரம். எஞ்சின் ஓடற தெசையில ஒரே சீரா அழுத்தம் குடு, குதிக்காதே. அசையலைன்னா விட்டுட்டுப் போயி டீ குடிச்சுட்டு வா. நூல் அளவு அசைஞ்சா, அதே அளவு பின்னாடி கொண்டா. பின்னாடி கொண்டார்றப்ப பாத்துக்கோ, போல்ட்டே கழண்டு சுத்தும். "மாமா, எஞ்சின் திரும்பிருச்சு"ன்னு எனக்கு போனு போட்டு, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சுப்போட்டு, பொறவு அசடு வழியாதே. ஃப்ளைவீல் பல்லுல நெம்புகோல் குடுத்துத் திருப்பறது அதுக்குத் தேவலை. முன்னே ஒரு நூலு, பின்னே ஒரு நூலு, நடுவுல ஒரு சொட்டு எண்ணெய். துரு பொடியாகி எண்ணெயோட கலந்தாத்தான் வழி விடும். ஒரே மூச்சாத் தள்ளுனா அந்தப் பொடியே ஆப்பாப் போயி எறங்கும்.

அதுக்கும் மசியலைன்னா ஹெட்டை எறக்கித்தான் ஆகோணும். எறக்குனதும் சுத்தியைத் தூக்காதே. பிஸ்டனுக்கு மேல லைனர்ல நிக்கற துருவை உப்புத்தாள் போட்டு வழவழன்னு எடு, துணி வெச்சுப் பொடியை ஒத்தி எடு. ஆறு சிலிண்டர்ல ஒண்ணும் ஆறும் ஜோடி, ரண்டும் அஞ்சும் ஜோடி, மூணும் நாலும் ஜோடி, சேந்தே ஏறும், சேந்தே எறங்கும். உச்சியில நிக்கற ஜோடியை அடிச்சுப் பிரயோசனம் இல்லை. ராடு கிராங்குக்கு நேரா நிக்கும், நீ அடிக்கற அடி அத்தனையும் பேரிங்குக்குப் போகும். அடியில நிக்கற ஜோடிக்கும் அதே கதை. நடுவுல நிக்கற பிஸ்டனைப் பாரு. போருக்குள்ள எறங்கற அளவுக்கு வேப்பங்கட்டையோ கருவேலங்கட்டையோ உருட்டாச் செதுக்கி, பிஸ்டன் தலை மேல வெச்சு, கட்டை மேல தட்டு. தட்டுன்னு சொன்னேன், இடின்னு சொல்லலை. ஒரு ஆள் தட்ட, இன்னொரு ஆள் ஃப்ளைவீலை அதே நேரத்துல அழுத்திப் பிடிக்கோணும். விடறப்ப ஒரு சத்தம் வரும், கட்டைச் சத்தமும் இல்லாம இரும்புச் சத்தமும் இல்லாம. அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திரு. சந்தோசத்துல ரண்டு அடி சேத்துப் போடறது உன்ற வழக்கம்.

ஹெட்டு எறக்காமலே திரும்பிருச்சுன்னா நீ அதிர்ஷ்டக்காரன். அப்பவும் ஸ்டார்ட் பண்ண ஓடாதே. நாசில் ஓட்டையெல்லாம் தொறந்தே கிடக்க, ஆயிலும் ஃபில்டரும் புதுசா மாத்தி, கையால பல சுத்து சுத்திப்போட்டு, பொறவுதான் செல்ப் அடிக்கோணும். அப்ப அந்த ஆறு ஓட்டையிலிருந்தும் நீ ஊத்துனது அத்தனையும் பீச்சியடிக்கும். எட்டிப் பாக்க ஒரு மூஞ்சி வேணும்னா, வித்தவனைக் கூப்புட்டுப் பக்கத்துல நிறுத்து. நீ தள்ளி நில்லு. நெருப்பு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது.

இதுக்கு மேல சொல்லப்போறது வெளையாட்டு இல்லை, கேட்டுக்கோ. அந்த வண்டியில இருக்கறது மைக்கோ டீசல் பம்ப்பு. ரண்டு வருசம் நின்ன பம்ப்புக்குள்ள டீசல் பிசினாகி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கற ரேக்கு நின்ன எடத்துலயே ஒட்டிக்கும். முழு டீசல் விடற நிலையில ஒட்டியிருந்து நீ ஸ்டார்ட் பண்ணுனயின்னா, எஞ்சின் ஏறும், ஏறிக்கிட்டே போகும், சாவியைத் திருப்புனாலும் நிக்காது. டீசல் எஞ்சினுக்குச் சாவி ஒரு பேச்சுக்குத்தான். நிக்கற வரைக்கும் ஏறி, கடைசியில ராடு பிளாக்கை ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். அதனால மொதல்ல பம்ப்பு பக்கத்து மூடியைக் கழட்டி ரேக்கு தாராளமா முன்னும் பின்னும் போகுதான்னு விரலால தள்ளிப் பாரு, ஸ்டாப் கேபிள் இழுத்தா வருதான்னு பாரு. ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டி வெச்சு, அந்த வாயை முழுசா மூடற மாதிரி ஒரு தடிப் பலகையோட ஒரு ஆளைப் பக்கத்துல நிறுத்து. எகிறுனா பலகையை அமுக்கட்டும். காத்து இல்லாட்டி எந்தச் சூரனும் அடங்குவான். கையை வெச்சு மூடப் போகக் கூடாது, துணியும் வேண்டாம், உறிஞ்சிக்கும்.

இத்தனை சொன்னதுக்கு நீ என்ன கேப்பேன்னு தெரியும். "மாமா, நீங்களே ஒரு எட்டு வந்துட்டுப் போனா என்ன?" வரலாம். ரயில் டிக்கெட்டு, சாப்பாடு, லாட்ஜு, எல்லாம் போட்டுப் பாத்தேன், உன்ற லாரி முழு வெலைக்கு வந்துரும். உங்கம்மாவோட பெருமையை நான் எதுக்குக் கெடுக்கோணும்?

கடைசியா ஒரு தேதி. வங்காளத்துல விஸ்வகர்மா நோம்பி செப்டம்பர் 17-ல வரும், அபூர்வமா ஒரு நாள் முன்னே பின்னே. நம்ம கணக்குல புரட்டாசி மொத நாள். நமக்கு ஆயுத பூஜை எப்படியோ, பட்டறைக்காரங்களுக்கு அது அப்படி. அன்னைக்கு ஸ்பேனர், சுத்தி, லேத்து எல்லாம் சாமிகிட்ட உக்காந்திருக்கும், மிஸ்திரிங்க மொட்டைமாடியில பட்டம் விட்டுக்கிட்டு இருப்பாங்க. எத்தனை காசு நீட்டுனாலும் எவனும் போல்ட்டைத் தொட மாட்டான். நோம்பி முடிஞ்ச கொஞ்ச நாள்லயே துர்கா பூஜை வந்துரும், அப்ப ஊரே தொழிலை மறந்துரும். இன்னைக்கு ஆகஸ்டு 28. எண்ணெயை இன்னைக்குச் சாயங்காலமே ஊத்திரு.